மனசார வேண்டிக்கொள்வது: எங்கள் வீட்டில் கிளம்பிய கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும்

அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, போய்ப் பதினாறு முடிந்த மறுநாள் பூஜை அலமாரியை ஒழித்தோம். எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்கு, கல்லாய் இறுகிப்போன சந்தனம், எந்த வருஷத்துத் திருவிழாவுடையதோ தெரியாத குங்குமப் பொட்டலங்கள். சமயபுரத்தம்மன் படத்தை எடுத்தால் பின்னால் மூன்று மஞ்சள் துணி முடிச்சுகள். தடவிப் பார்த்தால் உள்ளே காசு தட்டுப்படுகிறது. எந்தச் சாமிக்கு, யாருக்காக, எதை வேண்டி முடிந்து வைத்தது என்று சொல்ல ஆளில்லை.

அன்று சாயங்காலம் முழுக்க அதே பேச்சுதான். அத்தை ஒன்று கேட்க, காலேஜில் படிக்கும் அக்கா மகன் இன்னொன்று கேட்க, கடைசியில் "நீதானே தேவாரம், பிரபந்தம்னு படிச்சுக்கிட்டிருக்கே, சொல்லேன்" என்று என் தலையில் கட்டினார்கள். நான் குருக்களும் இல்லை, உபன்யாசகரும் இல்லை, ஆசைக்குப் படிக்கிற ஆள். அன்று கேட்டவற்றையும் பிறகு நண்பர்கள் கேட்டவற்றையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். நான் வளர்ந்தது தமிழ்நாட்டுக் கோவில்களில் என்பதால் உதாரணங்களும் பெரும்பாலும் இங்கிருந்தே வரும்.

பிரார்த்தனை, வேண்டுதல், நேர்த்திக்கடன், சாமி கும்பிடுவது எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் எல்லாவற்றையும் கலந்துதான் சொல்கிறோம், ஆனால் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பிரார்த்தனை வடசொல், கேட்பது என்றுதான் அதற்கும் அர்த்தம். வேண்டுதல் நம் சொல். எனக்கு இதில் பிடித்த விஷயம், 'எனக்கு வேண்டும்' என்று ஆசையைச் சொல்லும் அதே வேர்தான் கடவுளிடம் கேட்பதற்கும். ஆசையை ஒளித்து வைத்துவிட்டு வேண்டவே முடியாது, சொல்லிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. நேர்தல் என்றால் வாக்குக் கொடுப்பது. இது நடந்தால் இன்னது செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் அது கடனாகிவிடும், அதனால்தான் நேர்த்திக்கடன். சாமி கும்பிடுவது இதற்கெல்லாம் மேலே விரித்த பெரிய பந்தல், எதையும் கேட்காமல் சும்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வருவதும் அதில் அடக்கம்.

'மனசார' என்றால் என்ன? கண்ணில் தண்ணீர் வரவேண்டுமா?

வந்தால் வரட்டும். வராவிட்டால் பக்தி குறைவு என்று நினைக்க வேண்டாம். தீபாராதனை நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் உருகி அழும்போது நமக்கு ஒன்றும் ஆகாவிட்டால் ஒரு குற்ற உணர்ச்சி வரும், எனக்கும் வந்திருக்கிறது. அப்புறம்தான் புரிந்தது, அந்த நேரத்தில் நான் சாமியைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணக்கில் மனசார என்பது ஒன்றே ஒன்று: உள்ளே இருப்பதை அப்படியே சொல்வது. அப்பருக்குச் சூலை நோய் வந்தது. சமண மடத்தில் பெரிய இடத்தில் இருந்தவர், வயிற்று வலி தாங்காமல் அக்கா திலகவதியாரிடம் வந்து, அவர் கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு திருவதிகைக் கோவிலில் போய் நிற்கிறார். அங்கே பாடிய முதல் பாட்டில் தத்துவம் பெரிதாக ஒன்றும் இல்லை. 'குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன்' என்கிறார். குடலோடு சேர்த்துச் சுருட்டி முடக்குகிறது, தாங்க முடியவில்லை. டாக்டரிடம் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று சொல்வது போலத்தான் இருக்கிறது. தேவாரத்தில் அப்பருடைய பகுதி அந்த வலியில்தான் தொடங்குகிறது.

கும்பிடும்போது மனசு எங்கெங்கோ ஓடுகிறது. என்ன செய்வது?

முதலில், வெளியே விட்ட செருப்பை நினைக்காத பக்தர் இந்த ஊரில் பிறக்கவே இல்லை, அதனால் கவலைப்படாதீர்கள். பட்டினத்தாரே புலம்பியிருக்கிறார். 'கையொன்று செய்ய, விழியொன்று நாட, கருத்தொன்று எண்ண' என்று தொடங்கும் அந்தப் பாட்டில், கை ஒரு வேலை செய்கிறது, கண் வேறெங்கோ போகிறது, மனம் இன்னொன்றை நினைக்கிறது, நாக்குப் பொய் பேசுகிறது, உடம்பு ஒன்றைத் தேடுகிறது, காது எதையோ கேட்கிறது, இந்த லட்சணத்தில் நான் செய்கிற பூசையை நீ எப்படித்தான் ஏற்றுக்கொள்வாய் என்று கேட்கிறார். எல்லாவற்றையும் துறந்து கோவணத்தோடு நின்றவருக்கே அந்தப் பாடு.

எனக்கு உதவுகிற ஒரு வழி சொல்கிறேன். சன்னிதியில் கண்ணை மூடாதீர்கள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, "நகருங்க நகருங்க" என்று தள்ளுகிற இடத்தில் கிடைக்கிற பத்து நொடியையும் கண்ணை மூடிக்கொண்டே பலர் கழித்துவிடுகிறார்கள். தரிசனம் என்றால் பார்ப்பது, கண்ணை மூடிக் கும்பிட வீட்டிலேயே இடம் இருக்கிறது. பார்ப்பதிலும் ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம். திருப்பாணாழ்வார் ஸ்ரீரங்கத்தில் பெருமாளைப் பார்த்துப் பாடிய பத்துப் பாட்டில் பாதம், ஆடை, உந்தி, வயிறு, மார்பு, கழுத்து, வாய், கண் என்று படிப்படியாக மேலே ஏறுவார். அந்த வரிசையில் பார்க்கப் பழகிவிட்டால் கண்ணுக்கு வேலை இருக்கும், மனசும் கொஞ்ச நேரம் கூடவே வரும். அப்புறம் செருப்பு ஞாபகம் வந்தால் வரட்டும்.

வேலை கிடைக்கணும், கல்யாணம் ஆகணும், லோன் பாஸ் ஆகணும் என்றெல்லாம் கேட்பது சின்னத்தனமா?

இதைத்தான் படித்தவர்கள் அதிகம் கேட்கிறார்கள். 'நான் கடவுளிடம் எதுவும் கேட்க மாட்டேன், நன்றி மட்டும்தான் சொல்வேன்' என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நல்லதுதான். ஆனால் கேட்பவனை மட்டமாகப் பார்க்கிற உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கீதையின் 7ஆம் அத்தியாயத்தில் தன்னை வணங்குபவர்களை நான்கு வகையாகக் கிருஷ்ணன் பிரிக்கிறான்: துன்பத்தில் இருப்பவன், அறிந்துகொள்ள விரும்புபவன், பொருளை வேண்டுபவன், ஞானி. ஞானி தனக்கு மிகவும் பிரியமானவன் என்று சொல்லிவிட்டு, இவர்கள் நால்வருமே நல்லவர்கள்தான் என்றும் சேர்த்துக்கொள்கிறான். லோன் கேட்கிறவனுக்கும் பட்டியலில் இடம் உண்டு.

சுந்தரர் இன்னும் ஒரு படி மேலே. குண்டையூரில் அவருக்கு நெல் மலை மலையாகக் கிடைக்கிறது. திருவாரூருக்குக் கொண்டுபோக ஆள் இல்லை, வீட்டில் மனைவி பரவையார் பசியோடு இருக்கிறார். நேரே திருக்கோளிலிக்குப் போய், 'ஆளிலை எம்பெருமான், அவை அட்டித்தரப் பணியே' என்று பாடுகிறார். நெல் கிடைத்தாயிற்று, தூக்க ஆள் இல்லை, கொண்டுவந்து இறக்கச் சொல்லுங்கள். சிவபெருமானிடம் கூலியாள் கேட்டிருக்கிறார்! அன்று ராத்திரியே பூதங்கள் வந்து ஆரூர்த் தெருவெல்லாம் நெல்லைக் கொட்டிவிட்டுப் போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பாட்டு இன்றைக்கும் தேவாரத்தில் இருக்கிறது, சின்னத்தனம் என்று யாரும் அதை எடுத்துவிடவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. கேட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கேட்கிற விஷயமே மாறும் என்று இந்த மரபு நம்புகிறது. திருப்பாவையில் ஆண்டாள் பறை வேண்டும், சூடகம் வேண்டும், தோள்வளை வேண்டும், முழங்கை வழிய நெய் விட்ட பால்சோறு வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, 29ஆம் பாட்டில் 'இற்றைப் பறை கொள்வான் அன்று காண்' என்கிறாள். இதற்காக நாங்கள் வரவில்லை, உனக்கே நாம் ஆட்செய்வோம், மற்ற ஆசைகளை நீயே மாற்றிவிடு என்கிறாள். ஆனால் அந்த 29ஆம் பாட்டுக்கு முன்னால் 28 பாட்டு இருக்கிறது. நேராக அங்கே குதிப்பது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை.

அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, பின்னே எதற்கு வாய்விட்டுக் கேட்பது?

மாணிக்கவாசகர் இந்தக் கேள்வியைச் சுற்றியே ஒரு பாட்டு வைத்திருக்கிறார். 'வேண்டத் தக்கது அறிவோய் நீ, வேண்ட முழுதும் தருவோய் நீ'. எதைக் கேட்க வேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும், கேட்டால் முழுக்கத் தருபவனும் நீதான். முடிக்கும்போது, நான் வேண்டுவதாக ஒன்று இருந்தால் அதுவும் உன் விருப்பம்தானே என்கிறார். இத்தனையும் தெரிந்தவர் திருவாசகம் முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டேதான் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

பிள்ளைக்குப் பசி என்று அம்மாவுக்குத் தெரியும், இருந்தாலும் பிள்ளை "அம்மா பசிக்குது" என்று வந்து நிற்பதில் ஒரு உறவு இருக்கிறது. அம்மாவுக்குத் தகவல் சொல்லவா அது வருகிறது? நமக்கும் ஒரு உபயோகம் உண்டு. வாய்விட்டுச் சொல்லும்போதுதான் நமக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது தெரியவரும். பிரமோஷன் கேட்கப் போய், மேலதிகாரி நம்மை மதிக்க வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை என்று கோவில் தூணடியில் உட்கார்ந்து கண்டுபிடித்தவன் நான்.

மந்திரமும் தெரியாது, சமஸ்கிருதமும் தெரியாது. பரவாயில்லையா?

தாராளமாக. 'அர்ச்சனை பாட்டேயாகும், ஆதலால் மண்மேல் நம்மைச் சொற்றமிழ் பாடுக' என்று சுந்தரரிடம் சிவனே சொன்னதாகச் சேக்கிழார் எழுதியிருக்கிறார். 2021இல் தமிழ்நாட்டு அறநிலையத்துறைக் கோவில்களில் 'அன்னைத் தமிழில் அர்ச்சனை' என்று பலகை வைத்தார்கள், குருக்களிடம் கேட்டால் தமிழில் செய்வார்.

சமஸ்கிருதத்தில் செய்தாலும் அங்கே நடப்பது தெரிந்தால் ஒட்டுதல் வரும். பேர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டுவிட்டுக் குருக்கள் கடகடவென்று சொல்வது சங்கல்பம். இன்ன ஆள், குடும்பத்தோடு, க்ஷேமம், தைரியம், வெற்றி, ஆயுள், ஆரோக்கியம், ஐஸ்வரியம் எல்லாம் பெருக வேண்டும் என்று இந்த பூஜையைச் செய்கிறார் என்பதுதான் அதன் சாரம். மனு எழுதிக் கொடுப்பது மாதிரி. கோத்திரம் தெரியாவிட்டால் முழிக்க வேண்டாம், சிவ கோத்திரம் என்றோ விஷ்ணு கோத்திரம் என்றோ சொல்வது வழக்கம். சிலர் "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பார்கள். எங்கள் அப்பாயி எப்போதும் அப்படித்தான், ஏன் என்று கேட்டால், "எம்பேரு அதுக்குத் தெரியாதாக்கும்" என்று சொல்லும்.

கோவிலுக்குப் போக முடியாதவர்கள்? காசில்லாதவர்கள்?

சென்னைக்குப் பக்கத்தில் திருநின்றவூர் இருக்கிறதே, அந்த ஊர்க்காரர் பூசலார். சிவனுக்குக் கோவில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனசுக்குள்ளேயே கல், மரம், தச்சர் எல்லாம் சேர்த்து, நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டு, ராத்திரியும் தூங்காமல் சிகரம், மதில், கிணறு, குளம் வரைக்கும் கட்டி முடிக்கிறார். அதே சமயம் காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜா நிஜமாகவே பெரிய கற்கோவில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். கனவில் சிவன் வந்து, அன்றைக்குப் பூசலார் கோவிலில் நுழையப் போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை என்கிறார். ராஜா தேடிக்கொண்டு வந்து, எங்கே அந்தக் கோவில் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கதையில் பூசலார் கிணறு வெட்டக்கூட மறக்கவில்லை என்பதுதான் என்னை இழுக்கிறது. மனசுதானே என்று ஒரு நொடியில் கோபுரத்தை நிறுத்தியிருக்கலாம். அவர் நாள் எடுத்துக்கொள்கிறார், வேலை வேலையாகச் செய்கிறார். படுத்த படுக்கையில் இருப்பவர், வெளிநாட்டில் கோவிலே இல்லாத ஊரில் இருப்பவர், யாரும் இதைச் செய்யலாம். தெரிந்த கோவில் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு விடுவதிலிருந்து தொடங்கி மெதுவாக நடந்து உள்ளே போங்கள்.

காசு விஷயத்துக்குத் திருமூலர் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டார்: 'யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை'.

குளிக்காமல் வேண்டலாமா? மாதவிலக்கு நாட்களில்?

கோவிலுக்குள் போவது, விளக்கேற்றுவது இவற்றுக்கு வீட்டுக்கு வீடு வழக்கம் உண்டு, அதை உங்கள் வீட்டில் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் மனசுக்குள் கூப்பிடுவதற்கும் தீட்டா என்று கேட்டால், 13ஆம் நூற்றாண்டிலேயே பதில் வந்துவிட்டது. பிள்ளை லோகாசாரியார் என்ற ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர், சரணடைவதற்கு இடம், காலம், சுத்தம் எந்த நியமமும் கிடையாது என்று சொல்லிவிட்டு ஆதாரமாகத் திரௌபதியைக் காட்டுகிறார். அவள் குளித்துவிட்டு வந்தா சரணாகதி செய்தாள் என்று கேட்கிறார். சபைக்கு இழுத்துவரப்பட்டபோது அவள் மாதவிலக்கில் ஒற்றைத் துணியோடு இருந்தாள் என்று மகாபாரதம் சொல்கிறது. அந்த நிலையில் கூப்பிட்டதுதான் கேட்டது. என் அக்காவிடம் இதைச் சொன்னபோது, "இதை ஏன் எங்களுக்குச் சின்ன வயசுல யாரும் சொல்லலை?" என்று கோபப்பட்டாள். நியாயமான கோபம்.

நேர்த்திக்கடன் என்பது சாமிக்கு லஞ்சம் கொடுப்பதுதானே?

அக்கா மகன் கேட்ட கேள்வி. பார்த்தால் அப்படித்தான் தெரியும். பாலும் தேனும் பாகும் பருப்பும் நான் தருகிறேன், நீ சங்கத்தமிழ் மூன்றும் தா என்று ஔவையார் பிள்ளையாரிடம் பேசுவதே ஏறக்குறைய வியாபாரம்தான்.

ஆனால் லஞ்சம் என்றால் மறைவாகக் கொடுக்க வேண்டும், வாங்குபவருக்கு அது தேவைப்பட வேண்டும். மொட்டை போட்ட முடி பழனி முருகனுக்கு எதற்கு? தீமிதித்தால் அம்மனுக்கு என்ன லாபம்? கொடுப்பது பெரும்பாலும் நம் உடம்பு, நம் உழைப்பு, நம் அகம்பாவம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களோடு ஒருமுறை நடந்து பாருங்கள். காலில் கொப்புளம் வந்து, ரோட்டோரம் யாரோ கொடுக்கிற மோரை இரண்டு கையாலும் வாங்கிக் குடிக்கும்போது, ஆபீஸில் என்ன பதவி என்பதெல்லாம் எங்கேயோ போயிருக்கும்.

அப்புறம், எங்கள் பக்கத்துச் சமயபுரத்தில் கணக்கே தலைகீழ். மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்கியதும் 28 நாள் மாரியம்மனே பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான். யாருக்காக? மக்கள் நோய் நொடியில்லாமல் இருக்க. வழக்கமாக நாம் அவளுக்கு நேர்ந்துகொள்கிறோம், அந்த ஒரு மாதம் அவள் நமக்காக இருக்கிறாள். லஞ்சம் வாங்குகிற எந்த அதிகாரி அப்படிச் செய்வான் என்று அக்கா மகனைக் கேட்டேன். சிரித்தான், ஒத்துக்கொண்டானா தெரியாது.

சரி, கெட்ட பக்கமும் இருக்கிறது. வீட்டில் கஞ்சிக்கு வழியில்லாதபோது கடன் வாங்கித் தங்கத்தில் வேல் செய்து போடுவது, ஜோசியர் சொன்னார் என்று ஆயிரக்கணக்கில் பரிகாரம் செய்வது, இவற்றில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. பயமுறுத்திக் காசு பிடுங்குபவரிடம் நீங்கள் கொடுப்பது சாமிக்குப் போவதில்லை.

நேர்ந்துகொண்டதைச் செய்ய முடியவில்லை. சாமி குத்தம் ஆகிவிடுமா?

பெரும்பாலும் இந்தப் பயம்தான் மனுஷரை அரிக்கிறது. மறந்து போயிருந்தால் ஞாபகம் வந்தபோது செய்யுங்கள். உடம்பு முடியவில்லை என்றால் கோவிலில் போய்ச் சொல்லிவிட்டு, அங்கப்பிரதட்சிணத்துக்குப் பதில் விளக்கு, நடைப்பயணத்துக்குப் பதில் அன்னதானம் என்று மாற்றிக்கொள்வது ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

ஏமாற்றப் பார்ப்பதுதான் வேறு விஷயம். மறுபடி சுந்தரர்தான். திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கல்யாணம் செய்ய, உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். இவருக்கோ ஊர் ஊராகப் போகிற கால். அதனால் சிவனிடமே போய், சத்தியம் செய்யும் நேரத்தில் நீங்கள் சன்னிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று ஏற்பாடு செய்கிறார். சிவன் சரி என்றுவிட்டு, சங்கிலியாரிடம், சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கு என்று சொல்லிவிடுகிறார்! வசமாக மாட்டிக்கொண்டு மரத்தடியில் சத்தியம் செய்தவர், பிறகு ஆரூர் நினைவு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் தெரியாமல் போகிறது. தெய்வத்தை ஏய்த்ததைவிட, ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்குத்தான் அந்தத் தண்டனை என்று நான் படிக்கிறேன்.

சாமியைத் திட்டலாமா?

அதே சுந்தரரைக் கேளுங்கள். கண்ணில்லாமல் தடுமாறி வருகிறார், காஞ்சியில் இடது கண் மட்டும் கிடைக்கிறது. திருவாரூரில் நின்று, உமக்கே ஆளாய் இருக்கிற அடியார்கள் கஷ்டத்தைச் சொன்னால் பேசாமல் இருப்பீர், 'வாழ்ந்து போதீரே' என்று பாடுகிறார். நீர் மட்டும் நன்றாக இரும் என்று அர்த்தம். நம் வீட்டில் கோபத்தில் "நல்லா இருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு போவோமே, அதே தொனி. வலது கண் அதற்குப் பிறகுதான் வந்தது. மனசில் கோபம் இருக்கும்போது சாந்தமாகத் தோத்திரம் சொல்வது நடிப்பு, திட்டுவது அதைவிட நேர்மை.

ஒருவன் கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டலாமா?

இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, நம் ஊரில் அதற்கென்றே கோவில்கள் இருக்கின்றன. சிவகங்கை மாவட்டம் கொல்லங்குடி பக்கம் வெட்டுடையார் காளி கோவிலில் காசு வெட்டிப் போடுவார்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். போலீசும் கோர்ட்டும் கைவிட்டவர்கள் அங்கே போகிறார்கள், நகை பறிகொடுத்தவர்கள், ஏமாற்றப்பட்ட பெண்கள். மாசாணியிடம் ஒருமுறை நின்று பார்த்தேன். நடுத்தர வயசுப் பெண் ஒருவர், வாய் பேசவில்லை, அழவில்லை, அரைக்கிறார். விரலெல்லாம் சிவந்து எரிந்திருக்கும். அதை மனசார இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

ஆனால் அங்கே கேட்பது நியாயம். எனக்கு நடந்ததற்குப் பதில் சொல் என்பதற்கும், பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கிவிட்டான், அவன் நாசமாகட்டும் என்பதற்கும் உள்ள தூரம் கேட்பவருக்கே தெரியும்.

அத்வைதத்தில் எல்லாம் ஒன்று என்றால் யார் யாரிடம் வேண்டுவது?

நல்ல கேள்வி, ஆனால் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும்வரைதான். 'நான் யார்' என்று விசாரி என்று சொன்ன ரமணரே, 1914இல் அம்மா அழகம்மாள் கடும் காய்ச்சலில் கிடந்தபோது, குணமாக்கு என்று அருணாசலத்தை நோக்கிப் பாட்டு எழுதினார்.

மனசார வேண்டினேன், நடக்கவில்லை. என்ன அர்த்தம்?

அப்பா ஆஸ்பத்திரியில் 23 நாள் இருந்தார். நான் தெரிந்த எல்லாச் சாமியிடமும் கேட்டேன், தெரியாத சாமிகளிடமும் கேட்டேன். அப்பா வரவில்லை. துக்கம் கேட்க வந்த ஒருவர், "இன்னும் கொஞ்சம் நம்பிக்கையோட வேண்டியிருக்கலாம்" என்றார். அவரை இன்னும் நான் மன்னிக்கவில்லை. வேண்டியது நடக்காதவரைப் பார்த்து உன் பக்தி போதவில்லை என்று சொல்வதைப் போல ஒரு கொடுமை கிடையாது. தயவுசெய்து யாரிடமும் அதைச் சொல்லாதீர்கள்.

கர்மவினை என்று பதில் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் அடுத்தவர் வீட்டுச் சாவில் அதை எடுத்து நீட்டக் கூடாது, தன் விஷயத்தில் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல் அது.

எனக்குக் கொஞ்சம் பிடிமானம் கொடுத்தது குலசேகர ஆழ்வார். 'வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன் போல்' என்கிறார். டாக்டர் கத்தியால் அறுக்கிறார், சுடுகிறார், நோயாளி அவர் மேலேயே அன்பு வைத்திருக்கிறான். நீ மீளாத் துயரம் தந்தாலும் உன் அருளையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்கிறார். முதலில் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. இந்த அறுவைக்கு யார் சம்மதம் கேட்டார்கள்? ஆனால் கவனித்துப் பார்த்தால், வலிக்கவில்லை என்றோ எல்லாம் நன்மைக்கே என்றோ அவர் எங்கும் சொல்லவில்லை. வலிக்கிறது, போகவும் மாட்டேன் என்கிறார். ஒரு வருஷம் கோவில் பக்கமே போகாமல் இருந்துவிட்டு நான் திரும்பிப் போனதும் இப்படித்தான். கேட்க ஒன்றும் இல்லை, வேறு எங்கே போவது என்றும் தெரியவில்லை.

டாக்டரிடம் போகாமல் வேண்டுதல் மட்டும் போதுமா?

போதாது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மந்திரிக்க வேண்டும் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மந்திரித்துக்கொள்ளுங்கள்.

இறந்து போனவர் நேர்ந்ததை நாம் தீர்க்க வேண்டுமா?

இதுதான் எங்கள் வீட்டுக் கேள்வி. ஆண்டாள், மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் வாய்நேர்ந்து வைத்தேன் என்று நாச்சியார் திருமொழியில் பாடியிருக்கிறாள். தடா என்றால் பெரிய அண்டா. அவள் பாடினதோடு சரி. சில நூற்றாண்டு கழித்து ராமானுஜர் அழகர் கோவிலுக்குப் போய் அந்த நூறு தடாவையும் சமர்ப்பித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறார். தன் கடனைத் தீர்த்தவரை ஆண்டாள் 'அண்ணா' என்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். வயசில் எத்தனையோ தலைமுறை இளையவர், அவளுக்கு அண்ணன் ஆகிவிட்டார். மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியன்று பெருமாள் கோவில்களில் அக்காரவடிசில் கிடைக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டாளாவது எதை நேர்ந்தாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் அப்பாயி அதுவும் சொல்லவில்லை. குருக்கள் ஒருவரிடம் கேட்டோம், எந்தக் கோவில் என்று தெரியாத முடிப்பைக் குலதெய்வத்து உண்டியலில் சேர்ப்பது வழக்கம் என்றார். துறையூர் தாண்டி எங்கள் குலதெய்வக் கோவிலுக்கு வேன் பிடித்துப் போனோம். முடிச்சைப் பிரிக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஒன்று துணி இற்றுப்போய்க் கையிலேயே பிரிந்துவிட்டது. உள்ளே ஒரு நாலணா. 25 பைசா செல்லாது என்று அறிவித்தது 2011இல், அப்படியென்றால் அதற்கும் முன்னால் முடிந்தது. அந்தச் சமயத்தில் வீட்டில் யாருக்கு என்ன ஆபத்து என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்த வருஷமா, சித்தப்பா வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட வருஷமா, தெரியவில்லை.

"செல்லாத காசைப் போடலாமாப்பா?" என்று சித்தி கேட்டார். போடலாம் சித்தி, முடிந்த அன்றைக்குச் செல்லும்தானே என்றேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. கைப்பையில் இருந்து பதினொரு ரூபாய் எடுத்து, அந்த நாலணாவோடு வைத்து, தன் கைக்குட்டையிலேயே முடிந்து உண்டியலில் போட்டார்.

"வட்டி" என்றார்.